கை வைத்த பலகை

கான்ட்ராக்டர் தங்கப்பனின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சிக்குச் சுவர் கட்டும்போது, எல்லாம் முடிந்தபின் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பும் பலகையின் பின்புறத்தில், வெள்ளைப் பிரைமரில் கையை முக்கிப் பதித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பலகை. சுவர் எழும்பி நின்றபின் கை வைக்கக் கூடாது. வைத்த கையை மாற்றவும் கூடாது. முன்பு ஒரு தடவை ஒரே பலகைக்காக லாரியின் மேலேயே இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் ஒருவனுக்குப் பல் போனது. அதற்குப் பிறகு தங்கப்பன் கொண்டுவந்த ஏற்பாடு. கை பதிந்த பலகையை அவரும் தொடுவதில்லை.

அப்படிப் போன பலகைகள் கோழிக்கூடாகவும் கட்டிலாகவும் துணி தேய்க்கிற மேசையாகவும் நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரை பல வீடுகளில் கிடக்கின்றன. சத்தியநேசன் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை. பகலெல்லாம் பார்க்கிற பலகையை வீட்டிலும் பார்க்க வேண்டுமா என்பார்.

அவர் பாறசாலைக்காரர். சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் கட்டப் போனதுதான் முதல் வேலை. பிறகு கன்வென்ஷன் பந்தல், தேர்தல் மேடை, சீரியல்காரர்களுக்கு நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் மட்டும் உள்ள வீடுகள். கடைசியில் தங்கப்பனிடம் வந்து சேர்ந்தார். அவர் கட்டியவற்றில் மழைக்காலம் ஒன்றைப் பார்த்தது எதுவும் இல்லை. பின்னால் ஒரு முட்டுக்கட்டை, அதன் மேல் ஒரு மணல் மூட்டை. அவ்வளவில் நிற்கும், சொன்ன நாளில் இறங்கும்.

திருவனந்தபுரத்தில் வருஷம் ஒருமுறை நடக்கும் ஓவியச் சந்தைக்கும் அவர்கள்தான் சுவர். வெள்ளையம்பலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருப்பார்கள். மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளையும் குத்துவிளக்குகளையும் ஓரமாகத் தள்ளி, அவை தெரியாதபடி பலகைச் சுவர்களை எழுப்பி, வெள்ளை அடிக்க வேண்டும். பிறகு பெட்டிகள் வரும். சத்தியநேசன் படங்களைப் பெரும்பாலும் பொதிந்தபடியேதான் பார்த்திருக்கிறார். வரும்போதும் பொதி, போகும்போதும் பொதி. நடுவில் விளக்கைப் போட்டு ஜனங்கள் பார்க்கும் நாட்களில் அவர் பின்பக்கம், சிவப்பு நாற்காலி ஒன்றில், சுவர் எதுவும் ஆடினால் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் அவருக்குப் பலகை வேண்டியிருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

அவருடைய மகள் லிபி ஓணத்துக்கு முன்பு வித்துராவிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை தேடிக்கொண்டாள். வீட்டில் அறை ஒன்றுதான். அதை எடுத்துக்கொள் என்று அம்மா சுசீலாபாய் சொன்னதற்கு, “நீங்க ரெண்டு பேரும் எங்க கெடப்பீங்க? எனக்கு இங்கயே மதி, இது போதும்” என்று ஹாலில் ஜன்னலோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினாள். சூட்கேஸ் பெஞ்சுக்கு அடியில் போனது. வேண்டிய துணியை அன்றன்று அதிலிருந்து எடுத்து உடுத்துவாள். துவைத்துக் காய்ந்ததும் திரும்ப அதிலேயே வைத்துப் பூட்டுவாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல அந்த வீட்டில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெபக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவார்கள். அதே ஹால். லிபி போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எழுந்துபோக வீட்டில் வேறு இடம் கிடையாது. தாசம்மாள்தான் ஜெபத்தை நடத்துகிறவள். நல்ல மனசுக்காரி, குரலும் பெரிது. “பிரிஞ்சதைச் சேத்து வையும் கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்க பிடிவாதத்தை மாத்தும்” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது மற்றப் பெண்கள் கண்ணைத் திறந்து லிபியைப் பார்ப்பார்கள். சத்தியநேசன் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்.

ஹாலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வைத்தால் ஜன்னல் பக்கம் ஓர் அறை கிடைக்கும். பழைய கதவு ஒன்று கொல்லையில் கிடந்தது. அவருக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் ஜன்னல் பக்கம் இடவப்பாதி மழையில் சாரல் அடிக்கும். சாதாரணப் பலகை ஒரே மழையில் ஊதி, கதவு அடையாமல் போய்விடும். அடையாத கதவுக்கு ஒரு தடுப்பு எதற்கு?

தங்கப்பனின் குவியலில் தண்ணீர் தாங்கும் மரைன் பலகை இரண்டே இரண்டு இருந்தது, ஏதோ படகு வீட்டு வேலையில் மிஞ்சி வந்தவை. அவற்றைச் சத்தியநேசன் கீழே தள்ளி, மேலே நைந்த பலகைகளைப் போட்டு வைத்தார். பிறகு ஷாஜியிடம் போனார். ஷாஜி அவரோடு பல வருஷமாக ஏணியின் மறுபக்கம் பிடிக்கிறவன்.

“ஏ ஷாஜி, இந்தத் தடவ ஒனக்க பங்கை எனக்குத் தா.”

“அப்போ எனக்க கோழி எங்க போயி கெடக்கும்?”

“ஒனக்குக் கோழியே இல்லியே டே.”

“வாங்கப் போறேன்லா.”

“வாங்கு. வாங்கின பெறவு பாப்போம்.”

ஷாஜி சிரித்தான். “அண்ணன் பலகைய தின்னாலும் தின்னுவாரே தவிர வீட்டுக்குக் கொண்டு போவ மாட்டாருண்ணு எல்லாவனும் சொல்லுவானுவ. இப்ப என்னத்துக்கு ரெண்டு?”

“ஒரு மறைவுக்கு.”

ஷாஜி பிரைமர் வாளியில் கையை முக்கி, ஒரு பலகையின் பின்னால் பதித்தான். ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் விழுந்தது. மீதியை எப்போதோ வட்ட வாள் கொண்டுபோயிருந்தது. பக்கத்துப் பலகையில் சத்தியநேசன் தன் கையைப் பதித்தார். குளிர்ந்திருந்தது.

எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் அவர் யோசித்து வைத்திருந்தார். நல்ல வெளிச்சமுள்ள சுவர்களில் படத்தை மாட்டுவார்கள், கழற்றுவார்கள், அரை அடி தள்ளி மறுபடி மாட்டுவார்கள். ஆணி ஆணியாகத் துளைத்துவிடுவார்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மூலை உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. சென்ற வருஷம் அங்கே மடக்கு நாற்காலிகளைத்தான் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த மூலையில் இரண்டு மரைன் பலகைகளையும், ஆணி போடாமல் பின்னாலிருந்து திருகாணி வைத்து முடுக்கி நிறுத்தினார். இரண்டு பூச்சு வெள்ளை அடித்தார். மற்றச் சுவர்களுக்கு ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் லிபி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “ஞாயிறு கழிஞ்சு இந்த ஹால்ல ஒரு சுவர் வைக்கேன்” என்றார். “அந்தப் பக்கம் ஒனக்கு.”

லிபியின் கை தட்டில் நின்றது. பிறகு மறுபடி பிசைந்தாள்.

மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது சூட்கேஸ் பெஞ்சின் மேல் திறந்து கிடந்தது. துணிகள் ஜன்னல் திண்டில் அடுக்கியிருந்தன.

*

அன்று பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். கழிப்பறை மூலையில் ஒரு அம்மாள் தோள்பையோடு நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். கரமனை அக்கிரகாரத்திலிருந்து வந்திருந்த வாலாம்பாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சத்தியநேசன் சுத்தியலோடு போனார்.

“டீச்சரே, படம் எங்க? ஆணி எங்க அடிக்கணும்?”

“படம் கொண்டுவரலே. இதுலேயே வரையப் போறேன்.”

“பலகையிலயா?”

“பின்னே?” பையிலிருந்து கரிக்குச்சிகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். “இந்த எடந்தான் வேணும்னு கேட்டு வாங்கிண்டேன். மத்த எடத்துல எல்லாரும் நடந்துண்டே பாப்பா. இங்கே க்யூவுல நிக்கணும் பாருங்கோ. பாத்துத்தான் ஆகணும், வேற வழியில்லே.”

சத்தியநேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தப் பக்கம் நல்ல வெளிச்சமா ஒரு சுவர் சும்மா கெடக்கு.”

“இதுக்கு என்ன கேடு? என்னமா வழவழன்னு இருக்கு! மத்ததெல்லாம் சொரசொரன்னு தொட்டாலே கையைக் கீறறது. நீங்கதானே போட்டேள்?”

“ஆமா.”

“நன்னா இருக்கு.”

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஏணி மேலிருந்து ஷாஜி, “ரெண்டு பூச்சு அடிச்சீயளே அண்ணா, பின்ன வராம இருப்பாங்களா?” என்றான்.

அவள் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தை வரைந்தாள். பஸ் இல்லை, கட்டடம் இல்லை, பெண்கள் மட்டும். மீன் சட்டி வைத்தவள், நர்ஸ் உடுப்பு போட்டவள், நனைந்த குடையை உதறாமல் பிடித்திருப்பவள், குழந்தையை இடுப்பு மாற்றுகிறவள். ஆள் அளவுக்கு, பலகை இரண்டும் நிறைய, ஒருத்தி தோளுக்குப் பின்னால் இன்னொருத்தி. எல்லார் முகமும் நேரே இந்தப் பக்கம்.

சந்தை நடந்த நாட்களில் சத்தியநேசன் அந்தப் பக்கம் அடிக்கடி போய் வந்தார். கழிப்பறைக்கு நிற்கும் வரிசை, எதிரே பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவர் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் அந்தப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு வருகிறவர்களைவிட அதிகம் பேர் இருந்தார்கள். இவ்வளவு கண்களுக்கு முன்னால் லிபி எப்படித் தூங்குவாள்? வெள்ளை அடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அடித்தால் போகிற காரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கப்பன் அவரைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

“நேசா, அந்த மூலைச் சுவரை அப்படியே வேணும்ங்கியாரு ஒருத்தர். பொன்முடிக்குப் போற வழியில ரிசார்ட்டு வச்சிருக்காராம். பலகையோட கழட்டிப் பெட்டியில போட்டுக் குடுக்கணும்.”

“அதுல கை இருக்கு.”

“அறியாம், பாத்தேன்.” தங்கப்பன் தலையைச் சொறிந்தார். “வேற மூணு எடுத்துக்கோ. நாலு வேணும்ண்ணாலும் எடுத்துக்கோ.”

“மத்தது ஊதிப் போவும்.”

“நான் நடத்துறவங்ககிட்ட என்னண்ணு போயி சொல்லுவேன்? எனக்க ஆசாரிக்குக் கோழிக்கூடு கட்டணும், படத்தைத் தர மாட்டேம்ண்ணா?”

“கோழிக்கூட்டுக்கு இல்ல.”

“பின்ன என்னத்துக்கு? சொல்லு. அதையாவது போயி சொல்லுகேன்.”

தங்கப்பனுக்குத் தெரியும். ஷாஜிக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வாயால் ஒன்று சொன்னால்தான் அவர் போய்ப் பேச முடியும். சத்தியநேசன் சிவப்பு நாற்காலியின் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ மாதமாக, மகள் திரும்பி வந்துவிட்டாள் என்ற வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சுசீலாபாயிடம்கூட.

“டீச்சர்ட்ட நான் கேக்கேன்” என்றார்.

வாலாம்பாள் படத்துக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சரே, இந்தப் படம் வித்துப் போச்சா?”

“யாரு சொன்னா?”

“ரிசார்ட்டுக்காரரு கேக்காராம். இதுக்குப் பின்னால கை வச்சிருக்கு.”

“கையா?”

அவளுக்குப் புரியவில்லை. டப்பாவை மூடிவிட்டு அவரோடு பின்பக்கம் வந்தாள். நாற்காலிகளையும் குத்துவிளக்குகளையும் தாண்டி, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி, பலகைகளின் முதுகுக்கு முன்னால் நின்றாள். இரண்டு வெள்ளைக் கைகள் இருந்தன. அவர் வழக்கத்தைச் சொன்னார்.

“இதுல ஒரு விரல் கொறையறதே?”

“அது ஷாஜிக்க கை. வாளு கொண்டு போச்சு.”

“யாருக்காக வச்சேள்?”

சத்தியநேசன் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனக்க மோளுக்கு. வித்துராவுல கெட்டிக் குடுத்தது. இப்ப வீட்டுல இருக்கா. ஹால்லதான் கெடக்கா. வாறவ போறவ எல்லாம்…” நிறுத்தினார். “அவ திரும்பிப் போவ மாட்டா.”

கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல நினைத்திருக்கவில்லை. சொன்னபிறகு அது உண்மை என்று தெரிந்தது. சூட்கேஸைத் திறந்து வைத்த அன்றே லிபி அதைத்தான் சொல்லியிருந்தாள்.

முன்பக்கம் யாரோ கழிப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாலாம்பாள் ஷாஜியின் கைமேல் தன் கையை வைத்து அளவு பார்ப்பதுபோல் நின்றாள்.

“விக்கறதுன்னா நான் காகிதத்துல போட்டிருப்பேனே. முடிஞ்சதும் வெள்ளை அடிச்சுடணும்னு மொதல்லயே சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன். நடத்தறவாளுக்கு அது மறந்துபோச்சு.” புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் போய்ச் சொல்லிக்கறேன்.”

போகும் வழியில் திரும்பினாள். “ஆத்துக்குக் கொண்டுபோய் மறக்காம வெள்ளை அடிச்சுடுங்கோ. அடிக்கலேன்னாலும் நான் வந்து பாக்கப் போறதில்லே.”

*

மறுநாள் மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. அதனால் ஞாயிறு மதியமே விளக்குகளை அணைத்து இறக்கத் தொடங்கினார்கள். படங்கள் பொதிக்குள் போயின. சுவர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒவ்வொன்று சாயும்போதும் மண்டபம் கொஞ்சம் பெரிதானது. முல்லைப் பூக் கூடைகளோடு அலங்காரக்காரர்கள் வாசலில் வந்து நின்று, இன்னும் முடியவில்லையா என்று சத்தம் போட்டார்கள். சிவப்பு நாற்காலிகள் வெளியே வந்தன.

தங்கப்பன் மூலைச் சுவர் பக்கம் வரவேயில்லை. “அண்ணா, ரிசார்ட்டுக்காரன் மொதலாளிய என்ன பேச்சு பேசினான் தெரியுமா?” என்று ஷாஜி திருகாணியைக் கழற்றியபடி சொன்னான். “மொதலாளி ஒரே வாக்குதான் சொன்னாரு. கை வச்சாச்சு சார், இனி எனக்க கையில இல்லண்ணு. அவனுக்கு ஒரு மண்ணும் மனசிலாவல்ல.”

கரி ஒட்டாமல் இருக்க வாலாம்பாள் ஏதோ மருந்து அடித்திருந்தாள். இருந்தாலும் நடுவில் ஒரு பழைய போர்வையை விரித்து, பலகைகளைக் கட்டி, குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். ஷாஜி பாறசாலை வரை கூடவே வந்து இறக்கிக் கொடுத்தான். போகும்போது, “கோழி வாங்கினா சொல்லுகேன்” என்றான்.

கட்டை அவிழ்த்ததும் சுசீலாபாய் ஓரடி பின்னால் போனாள்.

“இஞ்ச பாருங்க, சுவர் கொண்டு வாங்கண்ணா ஊரையே கொண்டு வந்திருக்கியளா?”

“வெள்ளை அடிச்சிருவேன்.”

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சட்டம் அடித்து, பலகைகளை நிறுத்தி, கொல்லையில் கிடந்த கதவைச் சீவி மாட்டினார். முகங்கள் ஜன்னல் பக்கம் வந்தன. அந்தப் பக்கம்தான் சாரல் அடிக்கும், அங்கே பூசுகிற பிரைமர் மழையையும் தாங்கும் என்று கணக்கு வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, கட்டிய சுவருக்கு மணல் மூட்டை வைக்காமல் தரையில் துளைபோட்டு இறுக்கினார். பிரைமர் டப்பாவைத் திறந்து ரோலரை முக்கும்போது லிபி லேபிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்து நின்று பார்த்தாள்.

“அடிக்க வேண்டாம் அப்பா.”

“எல்லாவளும் ஒன்னையே பாக்குதாளுவளே மோளே.”

லிபி ஒருத்தியிலிருந்து ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு போனாள். குடைக்காரியிடம் கொஞ்ச நேரம் நின்றாள்.

“என்னை எங்க பாக்காங்க? பஸ்ஸு வருதாண்ணு பாக்காங்க.” பிறகு மலையாளத்தில், “அங்ஙனே இருந்நோட்டே” என்றாள், அப்படியே இருக்கட்டும் என்று.

சத்தியநேசன் ரோலரைப் பிடித்தபடி பார்த்தார். அவள் சொன்னது சரி. ஒருத்தியும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாருடைய பார்வையும் அவர் தோளைத் தாண்டி, கொஞ்சம் தூரத்தில் இருந்தது. வாரம் முழுக்க அதன் எதிரே நடந்திருக்கிறார். ரோலரிலிருந்து வெள்ளை அவர் கால்மேல் சொட்டியது.

டப்பாவை மூடினார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். ஹால் சிறிதாகிவிட்டதால் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்தார்கள். எதிரே பலகைச் சுவர், அதில் இரண்டு வெள்ளைக் கைகள். அவற்றுக்குப் பக்கத்தில் மூடிய கதவு. தாசம்மாள் வேதாகமத்தைத் திறந்தாள், பாட்டு முடிந்தது, ஜெபத்துக்குக் கண்ணை மூடப் போனாள். மூடாமல் சுவரைப் பார்த்தாள்.

“சுசீலா, இது யாருக்க கையி?”

“ஒண்ணு இவியளுக்கது. மத்தது ஷாஜிக்கது, கூட வேலை செய்யுத பையன்.”

“விரல் என்னாச்சு அவனுக்கு?”

சுசீலாபாய் சொல்லத் தொடங்கினாள். வட்ட வாளையும், துணியில் சுற்றிய விரலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும், அங்கே அதை ஒட்ட முடியாது என்று சொன்னதையும் தான் நேரில் நின்று பார்த்ததுபோலச் சொன்னாள். பெண்கள் ஐயோ ஐயோ என்றார்கள். பெண்சாதி உண்டா, பிள்ளைகள் உண்டா, அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு பிசைவான் என்று கேட்டார்கள். வெகுநேரம் ஆனது. கடைசியில் தாசம்மாள் கண்ணை மூடி, தன் பெரிய குரலில், ஷாஜிக்காக ஜெபித்தாள். அவன் கைகளைக் காத்துக்கொள்ளும்படி, வாள் அவனைத் தொடாதிருக்கும்படி, அவனுக்கு ஒரு குறையும் வராதிருக்கும்படி.

சமையலறை வாசலில் நின்ற சத்தியநேசன் கதவைப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தடையில்லாமல், ஒரே இழுப்பில் விழுந்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.